பண்ணைக் கணக்கு நோட்டும் குடும்ப வரலாறும்

பண்ணைக் கணக்கு நோட்டு என்பது நிலம் வைத்திருந்த குடும்பத்தினர் விதைப்பு, அறுவடை, கூலி, கடன், வரி ஆகியவற்றை எழுதி வைத்த ஏடு ஆகும். பாட்டனார் அல்லது முப்பாட்டனார் எழுதிய இத்தகைய நோட்டு வீட்டுப் பரணில் கிடைத்தால், அதைக் கொண்டு குடும்ப வரலாற்றை ஓரளவு அறியலாம். காவிரிப் பாசனப் பகுதி நோட்டுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதற்கான வழிகள் இங்கே விளக்கப்படுகின்றன.

ஆண்டைக் கண்டறிதல்

பழைய நோட்டுகளில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே இருப்பதுண்டு. அப்பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். எடுத்துக்காட்டாக, 'தாது வருஷம்' என்பது 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். முந்தையது பெரும் பஞ்சம் நிலவிய காலம். மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934இல். எனவே தாது வருஷக் குறிப்பில் மேட்டூர்த் தண்ணீர் பற்றிய பேச்சு இருந்தால், அது 1876ஆக இருக்க முடியாது. இவ்வாறு உள்ளிருக்கும் செய்தியைக் கொண்டே காலத்தை உறுதி செய்ய வேண்டும்.

எண்களும் குறியீடுகளும்

தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ எனத் தனி எழுத்துகள் உண்டு. பழைய முறையில் 25 என்பது ௨௰௫ என எழுதப்பட்டது. ௳ நாளையும், ௴ மாதத்தையும், ௵ ஆண்டையும் குறிக்கும். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய் ஆகும்.

அளவைகள்

ஒரு கலம் 12 மரக்கால். மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் மாறியதால், விளைச்சலை உடனே கிலோவுக்கு மாற்றிவிடக் கூடாது. நிலத்தில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர். பணத்தில் 12 தம்படி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். இந்த நாணய முறை 1957 ஏப்ரல் 1இல் மாறியது.

நோட்டில் இருப்போரும் இல்லாதோரும்

நோட்டை வாசிப்பவர் பெரும்பாலும் தம் முன்னோரின் பெயரையே தேடுவார். ஆனால் அதில் மிகுதியாக வருபவை பண்ணையாட்களின் பெயர்கள், அவர்களுக்கு அளந்த நெல், அவர்கள் பட்ட கடன். தலைமுறைகளாக எழுத்தறிவு மறுக்கப்பட்ட அக்குடும்பங்களுக்குத் தம் முன்னோர் பற்றிய பழைய எழுத்துச் சான்று வேறு எதுவும் இல்லாமல் போகலாம். நடவுப் பெண்களோ 'நடவாள் 12' என்பதுபோல் எண்ணிக்கையாக மட்டும் வருவார்கள். வீட்டுப் பெண்களின் பெயர்கூடச் சீர்வரிசைச் செலவில்தான் தென்படும்.

கணக்கை எழுதியவர் நில உரிமையாளர் என்பதையும் மறக்கக் கூடாது. கடன் எவ்வளவு என்பதை அவர் சொல்வார்; அது எப்படி ஏறியது என்பதைக் கடன்பட்டவர் சொல்ல அதில் இடமில்லை. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள கூலிப் பக்கங்களை ஒப்பிட்டால், சட்டம் அந்த வயலில் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்று பார்க்கலாம்.

பிற சான்றுகள்

நோட்டிலுள்ள நிலப் பெயர்களைப் பட்டா, அ-பதிவேடு, பழைய பத்திரங்கள் ஆகியவற்றோடு ஒப்பிடலாம். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் உதவும். அவ்வூரில் உழைத்த முதியவர்களிடமும் கேட்க வேண்டும்.

பாதுகாத்தலும் பகிர்தலும்

ஒட்டுநாடா ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் தாளைக் கெடுக்கும். வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து, வரிசை மாறாமல் படம் எடுத்துவிட்டு, நோட்டைப் பருத்தித் துணியில் சுற்றி ஈரமில்லா இடத்தில் வைக்கலாம். கடன், சாதி போன்ற செய்திகள் உள்ள பக்கங்களைப் பொதுவில் வெளியிடுமுன், அதில் பெயர் வரும் குடும்பங்களின் இசைவைப் பெறுவது முறை. அவர்களுக்கும் ஒரு படி கொடுக்க வேண்டும். அது அவர்களுடைய குடும்ப வரலாறும் ஆகும்.