பாரசீகப் பூனையைத் தேர்வதற்கு முன்

வீட்டில் வளர்ப்பதற்குப் பூனை ஒன்று வேண்டும் என்று எண்ணும் நகர்ப்புறக் குடும்பங்கள் பலவற்றின் மனத்தைக் கவர்வது பாரசீகப் பூனை. உருண்டை முகம், பெரிய கண்கள், சிறிய மூக்கு, பஞ்சுப்பொதி போன்ற உடல், மெல்லிய குரல் ஆகியன அதன் அடையாளங்கள். தாவிக் குதிப்பதைவிட ஓரிடத்தில் அமைதியாக அமர்ந்திருப்பதையே அது பெரிதும் விரும்பும். அதன் சாந்தமான இயல்பு அடுக்குமாடி வீடுகளுக்குப் பொருத்தமானது. எனினும், அழகும் சாந்தமும் மட்டுமே ஓர் உயிரைத் தேர்வதற்குப் போதுமானவையா?

இனம் உருவான வரலாறு

பாரசீகம் என்பது ஈரான் நாட்டின் பழைய பெயர். பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டிற்குச் சென்ற பியத்ரோ தெல்லா வாலே என்னும் இத்தாலியப் பயணி, அங்குக் கண்ட நீண்ட முடியுடைய பூனைகளைப் பற்றி எழுதினார். 1871ஆம் ஆண்டில் இலண்டன் கிறிஸ்டல் பேலஸில் நடைபெற்ற பூனைக் கண்காட்சியில் பாரசீகப் பூனைகளும் இடம்பெற்றன. அதன்பின், முகம் தட்டையாகவும் முடி அடர்த்தியாகவும் உள்ள பூனைகளையே மக்கள் தேர்ந்து இணைசேர்த்தனர். இன்று காணப்படும் தோற்றம் இவ்வாறு தலைமுறை தலைமுறையாக மனிதர் விரும்பி உருவாக்கியதாகும். ஆகவே, அத்தோற்றத்தால் விளையும் துன்பங்களைத் தணிக்கும் பொறுப்பும் மனிதரையே சாரும்.

முடியும் முகமும்

பூனையின் நாக்கில் சிறு கொக்கிகள் போன்ற முட்கள் நிறைந்துள்ளன. குட்டை முடியுடைய நாட்டுப் பூனை அந்நாக்கினால் தன் உடலைத் தானே வாரிக்கொள்ளும். பாரசீகப் பூனையின் நீண்ட முடிக்கு அது போதாது. இரண்டு மூன்று நாள் வாராமல் விட்டாலும் காதின் பின்புறம், அக்குள், வயிறு ஆகிய இடங்களில் சிக்கு விழும். சிக்கு இறுகினால் தோலை இழுக்கும், நடக்கும்போதெல்லாம் வலிக்கும், நாளடைவில் புண்ணாகும். நக்கும்போது விழுங்கிய முடி வயிற்றில் உருண்டையாகத் திரள்வதும் உண்டு. எனவே, உலோகச் சீப்பினால் நாள்தோறும் பொறுமையாக வாரிவிடுதல் இன்றியமையாதது.

தட்டையான முகமும் இடர் தருவதே. மூச்சுப்பாதை குறுகியிருப்பதால் சில பூனைகள் மூச்சுவிடத் திணறும். கண்ணீர் வடியும் குழாய் வளைந்திருப்பதால் கண்ணீர் முகத்தில் வழிந்து கறைபடியும். ஈரத்துணியால் அதனை அடிக்கடி துடைக்க வேண்டும். நாக்பூர், தில்லி போன்ற நகரங்களில் மே மாத வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அந்நாள்களில் குளிர்ந்த அறையும் நல்ல தண்ணீரும் எப்பொழுதும் கிடைக்க வேண்டும். வெயில் காலத்தில் பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கேள்விகள்

தில்லியில் ஐந்தாம் மாடியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். தாயும் தந்தையும் பணிக்குச் செல்பவர்கள். மகள் ஏழாம் வகுப்பு மாணவி. பாட்டியும் உடன் இருக்கிறார். பூனை வாங்குவதற்கு முன் அவர்கள் பேசித் தீர்க்க வேண்டியவை சில உள்ளன.

நாள்தோறும் முடி வாருபவர் யார்? மகள் முன்வரலாம்; ஆனால் தேர்வு நாள்களிலும் அவள் அதனைத் தவறாது செய்ய வேண்டும்.

குடும்பத்தினர் சைவ உணவு உண்பவராயின் பூனைக்கு என்ன உணவு தருவது? பூனை இறைச்சியுண்ணி. இறைச்சியிலுள்ள டாரின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும். பாலும் சோறும் மட்டும் தந்து அதனை நலமாக வளர்க்க இயலாது.

பாட்டிக்கு ஒவ்வாமை உண்டா? பூனையால் வரும் ஒவ்வாமைக்கு முதன்மையான காரணம் அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். முடி குட்டையாக இருப்பினும் அது வரக்கூடும்.

வீடு பாதுகாப்பானதா? பால்கனிக்கும் சன்னல்களுக்கும் வலை கட்ட வேண்டும். மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. அதனை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

கோடை விடுமுறையில் எல்லோரும் ஊருக்குச் சென்றால் பூனையின் நிலை என்ன? இக்கேள்வியைப் பலர் மறந்துவிடுகின்றனர். பூனையோ சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. அத்தனை கோடைகளுக்கும் விடை வேண்டும். வீட்டில் வளர்ந்த பாரசீகப் பூனையைத் தெருவில் விட்டால், சிக்கு விழுந்த முடியோடும் திணறும் மூச்சோடும் அது பிழைப்பது அரிது.

தேர்வு

விடைகள் நிறைவாக இருந்தால் குட்டியைத் தேடலாம். தாய்ப்பூனையை நேரில் பார்ப்பது நன்று. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. பன்னிரண்டு வாரம் வரை காத்திருத்தல் மேலும் சிறப்பு. இவ்வினத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும் பரம்பரை நோய் காணப்படுவதால், பெற்றோர்ப் பூனைகளுக்கு மரபணுச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டும். ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசிகளை உரிய காலத்தில் போட வேண்டும்.

விடைகள் நிறைவாக இல்லையெனில், பூனையே வேண்டாம் என்று முடிவு செய்யத் தேவையில்லை. நாட்டுப் பூனை நம் வெப்பத்திற்குப் பழகியது; தன் முடியைத் தானே பேணிக்கொள்வது. இரண்டு முதல் ஏழு வார வயதிற்குள் மனிதர் அன்போடு கையாண்ட குட்டி, எவ்வினமாயினும் சாந்தமாக வளர வாய்ப்பு மிகுதி. உணவு, மருத்துவம், தங்குமிடம் ஆகிய தேவைகள் அதற்கும் உண்டு. நாள்தோறும் சீப்பெடுக்கும் கட்டாயம் மட்டும் இல்லை.

எந்தப் பூனை அழகானது என்பதைவிட, எந்தப் பூனைக்கு இக்குடும்பம் ஏற்றது என்று கேட்பதே சரியான தேர்வுக்கு வழி.

சொல் அறிக

வெருகு – காட்டுப்பூனை
கடுவன் பூனை – ஆண் பூனை
பறழ் – சில விலங்குகளின் குட்டி
இன்றியமையாதது – மிகவும் தேவையானது
இடர் – துன்பம்

தொல்காப்பியத்தின் மரபியல், வெருகின் இளமைப் பெயர்களாகக் குட்டி, பறழ் ஆகிய இரண்டையும் கூறுகிறது.

பயிற்சி

1. பாரசீகப் பூனையின் முடியை நாள்தோறும் வாருவது ஏன்?
2. தட்டையான முகத்தால் பூனைக்கு வரும் இடர்கள் யாவை?
3. பாடத்தில் வரும் குடும்பத்திற்கு எப்பூனை ஏற்றது? காரணத்தோடு ஐந்து வரிகளில் எழுதுக.
4. பூனை பற்றிய பழமொழிகள் இரண்டினை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.