அப்பாவின் பனியன் துணியும் காரின் பளபளப்பும்

காலை ஆறரை மணிக்கு எங்கள் புளோக்கின் பலமாடி கார் நிறுத்துமிடத்துக்குப் போனால் அப்பாவைப் பார்க்கலாம். கையில் பழைய பனியன் துணி. இரவில் படிந்த தூசியைக் காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் பசியாறப் போவார். பத்து ஆண்டுகளாக இதே வழக்கம். “வண்டியும் நம்ம வீட்டு ஆள் மாதிரிதான்டா” என்பார்.

சென்ற ஆண்டு அந்தக் காரின் சிஓஇ முடியும் நேரம் வந்தது. சிறிய கார்களுக்கான சிஓஇ கட்டணம் 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்டது நினைவிருக்கும். புதிய கார் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. “சாயமெல்லாம் மங்கிப்போச்சு, வித்துடுங்கப்பா” என்றாள் அக்கா. அப்பா பதில் பேசவில்லை. கடைசியில் ஐந்தாண்டுக்குப் புதுப்பிப்பது என முடிவு செய்தோம். பத்தாண்டுக்குக் கட்டுவதில் பாதிதான் செலவு. ஆனால் அதன்பின் மறுபடி நீட்டிக்க முடியாது.

புதுப்பித்த பணமே பெரிய சுமை. சாயத்தை மெருகேற்ற பட்டறைக்கும் கொடுக்க மனமில்லை. நானே செய்து பார்க்கத் துணிந்தேன்.

முதல் நாள் இரவு கைப்பேசி விளக்கை பானட்டின்மேல் அடித்தேன். அடர்நீலச் சாயம் முழுக்க சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள், வட்ட வட்டமாக. கார் வேலை தெரிந்த நண்பனுக்குப் படம் அனுப்பினேன். “யாரு தினமும் காய்ஞ்ச துணியால துடைக்கிறது?” என்று கேட்டான்.

காரின் நிறத்துக்கு மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பளபளப்பு அதனால்தான். அதன் தடிமன் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லியது. தூசியில் நுண்ணிய மணல் கலந்திருக்கும். காய்ந்த துணியால் தேய்க்கும்போது அது உப்புத்தாள் போல வேலை செய்கிறது. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?

ஒன்றும் சொல்லாமல் சனிக்கிழமை வேலையைத் தொடங்கினேன். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. மழைநீர் வடிகாலில் விழுவது நீர்த்தேக்கத்துக்குப் போகும். அதனால் கண்ட இடத்தில் கழுவாமல், கார் கழுவ ஒதுக்கிய இடத்துக்கே ஓட்டிச் சென்றேன்.

முதலில் நிறைய தண்ணீர் ஊற்றி மணலை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்புவில் நனைக்க வேண்டும். மேலிருந்து கீழே வர வேண்டும்; அடிப்பகுதியில்தான் மணல் அதிகம். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது பழைய வாக்ஸையும் எடுத்துவிடும். முஸ்தஃபாவில் வாங்கிய மைக்ரோஃபைபர் துணியால் தேய்க்காமல் ஒற்றி ஈரம் எடுத்தேன்.

அடுத்து ஒரு சோதனை. பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு சாயத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷாம்புத் தண்ணீர் தெளித்து, ‘கிளே’ எனப்படும் களிமண் கட்டியை மெதுவாக வழுக்கவிட்டால் அது போய்விடும். கட்டி தரையில் விழுந்தால் எடுக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

பிறகு நிழலில், சாயம் சூடில்லாதபோது பாலிஷ். முதலில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் செய்து பார்க்க வேண்டும். ஏனெனில் பாலிஷ், கிளியர் கோட்டைத் துளி துளியாகத் தேய்த்தே கோட்டை மறைக்கிறது. தேய்ந்தது திரும்பி வராது. நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கீறலையும் தோல்போல உரிந்த பூச்சையும் பாலிஷ் சரிசெய்யாது. கடைசியாக மெல்லிய பூச்சாக வாக்ஸ்.

பானட்டில் பாதி முடிந்திருந்தபோது அப்பா வந்தார். விளக்கை அவர் கையில் கொடுத்தேன். மெருகேற்றிய பக்கத்தையும் ஏற்றாத பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்தக் கோடெல்லாம் நான் போட்டதா?”

“தெரியாம செஞ்சதுதானேப்பா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, “அந்தப் பக்கத்தை நான் பார்க்கிறேன்” என்றார். மாலைக்குள் கார் முழுவதும் முடித்தோம். புதிதாகிவிடவில்லை. கதவில் இரண்டு கீறல்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் நீலம் மறுபடி நீலமாகத் தெரிந்தது.

மறுவாரம் சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலில் பூசை போட்டோம். பிறகு தேக்காவில் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் பானட்டில் வைத்த சந்தனம் காய்ந்திருந்தது. மரத்தடியில் நிறுத்தியதால் மைனா எச்சமும் சேர்ந்திருந்தது. எச்சத்தில் உள்ள அமிலம் வெயிலில் சாயத்தை அரித்துவிடும் என்பதால் அவசரமாக டிஷ்யூவை எடுத்தேன்.

அப்பா என் கையைப் பிடித்தார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து டிஷ்யூவை நனைத்து, எச்சத்தின்மேல் ஒன்றும் சந்தனத்தின்மேல் ஒன்றும் வைத்தார்.

“இருடா, முதல்ல ஊறட்டும்” என்றார்.