பூண்டை நறுக்கணுமா, தட்டணுமா, அரைக்கணுமா? எந்தச் சமையலுக்கு எது சரி?

2024-இல் நாட்டின் பல நகரங்களில் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தொட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தக் கணக்கில் 100 கிராம் பூண்டு 40 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு நசுக்கும் கருவியின் ஓட்டைகளில் சிக்கிக் குப்பைக்குப் போனால் 4 ரூபாய் நஷ்டம். இது பெரிய தொகை இல்லைதான். ஆனால் அதே பூண்டு எண்ணெயில் கரிஞ்சு போனால் மொத்தக் குழம்பும் கசக்கும். தவறான முறையில் பாட்டிலில் அடைத்து வைத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆன்லைனில் தேடினால் பூண்டு பிரஸ், கயிறு இழுக்கும் சாப்பர், தோல் உரிக்கும் சிலிகான் குழாய் என்று வரிசையாக வருகிறது. இதெல்லாம் நமக்குத் தேவையா? பணம் கொடுக்கும் முன் பூண்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

முழுப் பூண்டுக்கு ஏன் அவ்வளவாக வாசனை இல்லை?

உரிக்காத பூண்டை முகர்ந்து பாருங்கள், பெரிதாக நெடி இருக்காது. கத்தி பட்டதும்தான் நெடி கிளம்பும். பூண்டின் செல்களுக்குள் அல்லின் என்ற கந்தகச் சேர்மமும், அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. செல் உடைந்தால் இரண்டும் கலந்து, சில நொடிகளில் அல்லிசின் உருவாகத் தொடங்குகிறது. நாக்கைச் சுள்ளென்று பிடிக்கும் காரம் இதிலிருந்துதான் வருகிறது. அமெரிக்க வேதியியலாளர்கள் செஸ்டர் கவல்லிட்டோவும் ஜான் பெய்லியும் 1944-இல் அல்லிசினைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள்.

ஆக, எவ்வளவு செல்கள் உடைகின்றனவோ அவ்வளவு காரம். கத்தியால் சீவினால் வெட்டுப்பட்ட ஓரத்தில் மட்டும் செல்கள் உடையும். அம்மியில் அரைத்தால் கிட்டத்தட்ட எல்லாமே உடையும். வெப்பம் இதற்கு எதிராக வேலை செய்கிறது. சூட்டில் நொதி செயலிழந்துவிடும், ஏற்கனவே உருவான அல்லிசினும் சிதைந்து வேறு சேர்மங்களாக மாறிவிடும். குழம்பில் வெந்த முழுப் பல் இனிப்பாகவும் மெத்தென்றும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

எந்த உணவுக்கு எந்த வடிவம்?

- முழுப் பல்: பூண்டுக் குழம்பு, பிரியாணி, ஊறுகாய். நீண்ட நேரம் வேகும் உணவுகளுக்கு ஏற்றது.
- சீவியது: வட இந்திய தால் தட்கா போல நெய்யில் பொன்னிறமாகப் பொரித்து மேலே ஊற்றும் தாளிப்புக்கு. துண்டுகள் ஒரே தடிமனில் இருந்தால்தான் ஒரே நேரத்தில் சிவக்கும்.
- தட்டியது: ரசம், கீரை. தோலோடு ஒரு தட்டு தட்டிப் போட்டால் போதும். சாறு இறங்கும், ஆனால் காரம் தூக்கலாகத் தெரியாது.
- பொடியாக நறுக்கியது: ஃப்ரைட் ரைஸ், பொரியல் போலச் சட்டென்று முடியும் சமையலுக்கு.
- இடித்தது அல்லது அரைத்தது: மகாராஷ்டிராவின் தேச்சா, ராஜஸ்தானின் பூண்டுச் சட்னி, இறைச்சி ஊறவைக்கும் மசாலா. பூண்டுக் காரம் முன்னால் நிற்க வேண்டிய உணவுகள் இவை.

தமிழ்நாட்டில் அம்மி, வங்கத்தில் ஷில் நோடா, இந்தி பேசும் மாநிலங்களில் சில்பட்டா, மகாராஷ்டிராவில் கல்பத்தா. பெயரும் வடிவமும் மாறினாலும் இவை எல்லாமே செல்லை நசுக்கி உடைக்கும் கருவிகள்தான்.

சரி, எதை வாங்கலாம்?

கத்தி: கூர்மையான கத்தி ஒன்று இருந்தால் சீவலாம், நறுக்கலாம். கத்தியைப் படுக்கவைத்து, கூர்முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து, உள்ளங்கையால் அழுத்தினால் தட்டவும் செய்யலாம். பொடியாக நறுக்க நேரம் எடுக்கும் என்பதுதான் இதன் குறை.

சிறிய இடிகல்: நாலைந்து பல்லுக்கு இதைவிட வசதி இல்லை. ஒரு சிட்டிகை கல்லுப்பு சேர்த்தால் பூண்டு வழுக்காது, சீக்கிரம் மசியும்.

மிக்ஸி: அரைக் கிலோ இஞ்சி பூண்டு விழுது அரைக்க இதுதான் சரி. நாலு பல்லைப் போட்டால் பிளேடுக்கு எட்டாமல் ஜாரின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி அரைத்தால் அந்த விழுது எண்ணெயில் தெறிக்கும்.

பூண்டு பிரஸ்: வேகமாக நசுக்கும், கையில் நெடி ஒட்டாது. ஆனால் சக்கை ஓட்டைகளில் தங்கும், கழுவுவதற்கு நேரம் பிடிக்கும். சிறிய பற்கள் கொண்ட பூண்டை ஒவ்வொன்றாக உரித்துப் போடுவதற்குள் இடிகல்லில் வேலை முடிந்துவிடும். பெரிய பல் பூண்டைத் தினமும் பயன்படுத்துபவர்கள் யோசிக்கலாம்.

கயிறு இழுக்கும் சாப்பர்: மின்சாரம் வேண்டாம், ஒரு கை அளவுக்கு மேல் பூண்டு இருந்தால் நன்றாக வேலை செய்யும். துண்டுகள் மட்டும் ஒரே அளவில் வராது. சிறியது கரியும்போது பெரியது பச்சையாக நிற்கும்.

கையில் வலி, மூட்டுப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு சாப்பரோ மிக்ஸியோ ஆடம்பரம் இல்லை.

எண்ணெயில் முதலில் வெங்காயமா, பூண்டா?

இதற்கு நீர்ச்சத்து பதில் சொல்கிறது. வெங்காயத்தில் சுமார் 89 சதவீதம் தண்ணீர். பூண்டில் சுமார் 60 சதவீதம்தான். தண்ணீர் வற்றிய பிறகுதான் எதுவுமே சிவக்கத் தொடங்கும் என்பதால், பூண்டு வெங்காயத்தை முந்திக்கொண்டு கரியும். பொடியாக இருந்தால் இன்னும் வேகம். அதனால் வெங்காயம் நிறம் மாறிய பிறகு அரைத்த அல்லது நறுக்கிய பூண்டைச் சேருங்கள். முழுப் பல்லை முன்னாடியே போட்டாலும் தாங்கும்.

நறுக்கி 10 நிமிடம் காத்திருக்கணுமா?

இந்த ஆலோசனைக்குப் பின்னால் 2001-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. நசுக்கிய உடனே மைக்ரோவேவில் 60 விநாடி சூடாக்கினால் நொதியின் வேலை நின்றுவிடுகிறது. நசுக்கி 10 நிமிடம் விட்டுச் சூடாக்கினால் பூண்டின் சில பலன்கள் ஓரளவு தங்குகின்றன என்றது அந்த ஆய்வு. ஆனால் அது எலிகளில் செய்யப்பட்டது. பூண்டை மருந்தாக நினைக்க இது போதாது. சுவைக்காக என்றால் முதலில் பூண்டை நறுக்கி வைத்துவிட்டு மற்ற காய்களை எடுங்கள், தனியாகக் காத்திருக்க வேண்டாம்.

சட்னியில் காரம் குறைய வேண்டுமா? எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்தே அரையுங்கள். அதிகப் புளிப்பில் அந்த நொதி சரியாக வேலை செய்யாது. தோல் எளிதாக உரிய, வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவைக்கலாம்.

எண்ணெய் ஊற்றி வெளியே வைக்கலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணில் வளரும் பூண்டில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். சாதாரணமாகக் கொதிக்கவைத்தாலும் இந்த வித்துகள் சாவதில்லை. காற்று இல்லாத, புளிப்பு குறைவான இடத்தில், அறை வெப்பநிலையில் இவை வளர்ந்து நச்சை உருவாக்கும். எண்ணெயில் மூழ்கிய பூண்டு இந்த எல்லா வசதியையும் செய்துகொடுக்கிறது. வாசனை, நிறம், சுவையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் பொட்டுலிசத்தால் பாதிக்கப்பட்டார்கள். குளிரூட்டாமல் வைத்திருந்த, எண்ணெயில் போட்ட பூண்டுதான் காரணம் என்று தெரியவந்தது. 1989-இல் நியூயார்க் மாநிலத்திலும் இதேபோல் நடந்த பிறகு, கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க அரசு உத்தரவிட்டது.

இங்கே கடையில் வாங்கும் இஞ்சி பூண்டு விழுதின் லேபிளைப் பாருங்கள். உப்போடு ஐஎன்எஸ் 260 அல்லது 330 என்று எழுதியிருக்கலாம். அசிட்டிக் அமிலம், சிட்ரிக் அமிலம் ஆகியவற்றின் எண்கள் அவை. அமிலத்தன்மை பிஎச் 4.6-க்குக் கீழே இருந்தால் இந்த பாக்டீரியா வளராது. வீட்டில் கொஞ்சம் புளி, எலுமிச்சை சேர்த்து அந்த அளவைக் கண்ணால் கணக்கிட முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியது:

- அரைத்த விழுது, எண்ணெயில் போட்ட பூண்டு இரண்டையும் செய்த உடனே ஃபிரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வையுங்கள். நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.
- மீதியை ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். தேவைக்கு ஒரு கட்டியை நேராக வாணலியில் போடலாம்.
- எத்தனை நாள் வெளியில் இருந்தது என்று தெரியாத பாட்டிலை ருசி பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.
- சாப்பிட்ட பிறகு பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, விழுங்கவோ பேசவோ சிரமப்படுவது போன்ற அறிகுறிகள் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விழுது பச்சையாக மாறினால்?

பயப்பட வேண்டாம். அமிலத்தோடு சேரும்போது பூண்டின் கந்தகச் சேர்மங்கள் பச்சை அல்லது நீல நிறமிகளை உருவாக்கும். எலுமிச்சை சேர்த்த விழுதிலும் வினிகர் ஊறுகாயிலும் இது சகஜம். பூஞ்சை படர்ந்திருந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்.

பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு கூர்மையான கத்தி, ஒரு சின்ன இடிகல், மொத்தமாக அரைக்க ஏற்கனவே இருக்கும் மிக்ஸி, ஃப்ரீசரில் ஓர் ஐஸ் ட்ரே போதும். சமையலறை அலமாரியில் எண்ணெய் மிதக்கும் பூண்டு பாட்டில் இருந்தால், அது எப்போது செய்தது என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.