விளம்பர வாசகமும் வீட்டுத் தொழிலும்

மழை பெய்யும் நாள்களில் பால்மரம் சீவ இயலாது. ஆண்டின் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களிலோ பால் குறைந்துவிடும். இவ்விரு வேளைகளிலும் தோட்டத் தொழிலாளரின் வருமானம் சுருங்குவது யாவரும் அறிந்ததே. இக்குறையை ஈடு செய்யும் பொருட்டு, நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தாய்மார்கள் முறுக்கு, அதிரசம், ஊறுகாய், மசாலைத்தூள் முதலியவற்றை வீட்டிலேயே தயாரித்து விற்பதுண்டு. கைப்பக்குவத்தில் இவர்கள் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆயினும், லயத்தில் ஒரு மணி நேரத்தில் விற்றுத் தீரும் முறுக்கு, சிரம்பானிலோ பகாவிலோ இரவுச் சந்தைக்குச் சென்றதும் பாதிக்கு மேல் திரும்பி வருவது ஏன்?

லயத்தில் சுட்டவரின் கையை எல்லாரும் அறிவர். சந்தையில் அவரை அறிந்தவர் இல்லை. அறியாதவர்க்கு அறிவிப்பதற்கே விளம்பர வாசகம் தேவைப்படுகின்றது.

நம்மவர் எழுதும் அறிவிப்பு பெரும்பாலும் எவ்வாறு அமைகின்றது? "உலகத் தரம் வாய்ந்த, ஈடு இணையற்ற, சுவைமிகு முறுக்கு! வாங்கி மகிழ்வீர்!" இதனைப் படிப்பவர்க்கு முறுக்கைப் பற்றி ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரும் இதே சொற்களை எழுதிக்கொள்ளலாம். வாங்க வருபவர் மனத்தில் எழும் கேள்விகள் மிகச் சில: இது எதனால் செய்யப்பட்டது? எப்பொழுது செய்யப்பட்டது? எவ்வளவு எடை? என்ன விலை? பிடித்திருந்தால் மறுமுறை எங்கே கிடைக்கும்? இவற்றிற்கு விடை கூறுமாறு எழுதிப் பார்ப்போம்.

"அரிசி மாவும் உளுந்து மாவும் ஓமமும் சேர்த்து இன்று காலை சுட்ட முறுக்கு. 250 கிராம் 5 வெள்ளி. வெள்ளிக்கிழமைதோறும் இதே இடத்தில் கிடைக்கும்."

இதில் புகழ்ச்சொல் ஒன்றுமில்லை. எனினும், "இன்று காலை" என்னும் இரண்டு சொற்கள் "ஈடு இணையற்ற" என்பதைவிடப் பன்மடங்கு வேலை செய்யும். ஆனால் அது உண்மையாக இருத்தல் வேண்டும். முந்திய நாள் சுட்டதாயின் அவ்வாறே எழுதுக. முறுக்கு ஒரு நாளில் கெட்டுப் போகும் பண்டமன்று. எழுதியதை வீட்டிலுள்ள ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுவது நலம். நேரில் பேசும்பொழுது நாம் கூறாத சொல் எதுவும் அதில் இருப்பின் அதனை அடித்துவிடலாம்.

எழுத்து மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைக் கூறலாம். கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983ஆம் ஆண்டில் 15,000 ரூபாயை முதலாகக் கொண்டு, தம் தந்தை சின்னி கிருஷ்ணனின் பெயரிலிருந்து எடுத்த 'சிக்' என்னும் பெயரில் ஷாம்பு விற்கத் தொடங்கினார். சீயக்காயும் சோப்பும் தேய்த்துக் குளித்து வந்த கிராம மக்களுக்கு அது புதுப்பொருள். ஆதலின், ஊர் நடுவே ஒரு சிறுவனின் தலையில் ஷாம்பு தேய்த்து அலசி, அம்முடியைச் சுற்றி நின்றோர் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் செய்தனர். காலி உறைகள் ஐந்து கொண்டு வருவோர்க்குச் சிக் உறை ஒன்று இலவசமாக வழங்கப்பட்டது. முதலில் எந்த நிறுவனத்தின் உறையாயினும் ஏற்றுக்கொண்டனர். மக்கள் பழகிய பின்னர், சிக் உறை மட்டுமே என மாற்றினர். அச்சிறு தொழில்தான் பின்னாளில் கெவின்கேர் என்னும் பெரிய நிறுவனமாயிற்று. முறுக்கு விற்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: தட்டில் உடைத்து வைத்த சில துண்டுகளை வருவோர் சுவைத்துப் பார்க்கட்டும்.

இரவுச் சந்தைக்கு மலாய்க்காரரும் சீனரும் வருகின்றனர். 'முருக்கு' என்ற சொல்லை மலாய்க்காரர் நன்கு அறிவர். ஆதலின் அறிவிப்பை மலாய் மொழியிலும் எழுதுதல் வேண்டும். பொட்டலத்தில் ஒட்டும் தாளைப் பொறுத்தவரை இது விருப்பத்தைப் பொறுத்ததன்று. 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, இந்நாட்டில் தயாரித்துப் பொட்டலமிட்ட உணவின் விவரங்கள் மலாய் மொழியில் இருத்தல் வேண்டும். பிற மொழியையும் உடன் சேர்க்கலாம். உணவின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரிப்பவரின் பெயர், முகவரி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதுதல் முறை. அதிகாரபூர்வச் சான்றிதழ் பெறாமல் ஹலால் முத்திரையை ஒட்டலாகாது.

இன்னும் ஒன்றில் மிகுந்த எச்சரிக்கை தேவை. கறிவேப்பிலைப் பொடியோ பாகற்காய் வற்றலோ விற்பவர், "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று ஒரு வரி சேர்த்தால் விற்பனை கூடும் என எண்ணலாம். புலனக் குழுக்களில் இத்தகைய வரிகள் தாராளமாகவே உலவுகின்றன. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இதனைத் தடை செய்கின்றது. உணவு விதிமுறைகளும் நோய் தீர்க்கும் எனக் கூறி உணவு விற்பதை அனுமதிப்பதில்லை. சட்டம் ஒருபுறமிருக்க, அவ்வரியை நம்பி மருத்துவமனை மாத்திரையை நிறுத்திவிடும் முதியவர் அடுத்த லயத்திலேயே இருக்கக்கூடும். "கறிவேப்பிலை, உளுந்து, மிளகு சேர்த்து அரைத்தது, சூடான சோற்றுக்கு ஏற்றது" என்று எழுதினால் போதும்.

விலையை எழுதுமுன் மாவு, எண்ணெய், எரிவாயு, பை ஆகியவற்றின் செலவைக் கணக்கிட வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். தம் உழைப்புக்குரிய கூலியைச் சேர்க்கத்தான் மறந்துவிடுகின்றனர்! தொழிலைத் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்தலும் வேண்டும். சொந்தப் பெயரில் நடத்துவோர்க்கு ஆண்டுக் கட்டணம் 30 வெள்ளி, வணிகப் பெயர் சூட்டுவோர்க்கு 60 வெள்ளி.

தீபாவளிக்கு முன்பதிவு பெற விரும்புவோர், பண்டிகைக்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே அறிவிப்பை வெளியிடுவது நலம். எத்தனை கிலோ வரை ஏற்க முடியும், எந்த நாளோடு பதிவு முடியும் என்பவற்றை அதிலேயே குறிப்பிட்டுவிட்டால், கடைசி நாளில் வருபவரிடம் மறுப்புச் சொல்லும் சங்கடம் குறையும். வாங்க வரும் ஒவ்வொருவரிடமும், "எங்கே பார்த்து வந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். கோயில் பலகையில் ஒட்டியதைப் பார்த்து எத்தனை பேர் வந்தனர், புலனத்தில் பார்த்து எத்தனை பேர் வந்தனர் என்பது தெரிந்தால், அடுத்த அறிவிப்பை எங்கே வைப்பது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.