மறதிக்கு வந்த மருந்து

இணையத்தளங்களுக்குப் பிறவியிலேயே ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிய வாசகரே அடுத்த க்ஷணம் மறுபக்கத்தைக் கேட்டாலும், சர்வருக்கு அவர் அந்நியர்தான். கடைக்காரர் இத்தனை மறதிக்காரராக இருந்தால், கூடையில் எடுத்து வைத்த சாமான் யாருடையதென்று அவருக்கு எப்படித் தெரியும்? நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டூலி என்ற இளைஞர் இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக 1994-இல் உண்டாக்கியதே 'குக்கீ'. பெயர் பிஸ்கோத்தை நினைவூட்டினாலும், கோயில் வாசலில் பாதரட்சையை விட்டுவிட்டு வாங்கிக்கொள்ளும் டோக்கனுக்கே அது ஒப்பானது. டோக்கனில் இருப்பது ஓர் எண் மாத்திரமே. கொடுத்தவரிடம் திருப்பிக் காட்டினாலன்றி அதற்கு அர்த்தமில்லை.

பிரவுசர் ஒவ்வொன்றுக்கும் நிரந்தர எண் ஒன்றைச் சூட்டிவிடும் சுலபமார்க்கம் இருந்தும், அது மனிதரைப் பின்தொடர உதவிவிடும் என்று அஞ்சியே, கொடுத்த தளத்துக்கு மட்டும் திரும்பிச் செல்லும் சீட்டாக அவர் அதை அமைத்தார். ஆனால் ஒரு பத்திரிகையின் தளத்தைத் திறந்தால் செய்தி மாத்திரமா வருகிறது? ஓரத்தில் நிற்கும் விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருவதால், அதுவும் தன் டோக்கனை நம் கையில் திணித்துவிடுகிறது. அந்நிறுவனமே சமையல் தளத்திலும் மருந்துக்கடைத் தளத்திலும் விளம்பரம் போடுமானால், அங்கெல்லாம் அதே டோக்கனை நாம் அறியாமலே நீட்டிக்கொண்டு போகிறோம். நேற்றிரவு தாயாருக்காக முழங்கால் பட்டை தேடியவர், காலையில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால் அங்கும் முழங்கால் பட்டையே வந்து நிற்கும் ரகசியம் இதுதான். பெயர் தெரியாது என்பார்கள். வலி எங்கே என்று தெரிந்த பின் பெயர் எதற்கு?

இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கீகளைப் பயனர் கேளாமல் அனுமதிக்கலாகாது என்று 1997-இலேயே இணையப் பொறியாளர்கள் நியமம் வகுத்தார்கள். பிரவுசர் கம்பெனிகள் செவிசாய்க்கவில்லை. சஃபாரி என்ற பிரவுசர் அவற்றை முற்றிலும் தடுத்தது 2020-இல்தான். தன் பிரவுசரான குரோமிலிருந்து அவற்றை அகற்றுவதாக அதே ஆண்டில் அறிவித்த கூகுளோ, 2024-இல் அந்தச் சங்கல்பத்தைக் கைவிட்டது. விளம்பரத்தால் ஜீவிக்கும் நிறுவனத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

குக்கீ வைப்பதற்குச் சம்மதம் கேட்டே தீரவேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் விதித்ததன் விளைவே, தளம் திறந்ததும் குறுக்கே விழும் அந்தப் பட்டை. ஏற்பதற்கு ஒரு தட்டு, மறுப்பதற்குப் பல தட்டுகள் என்று வைத்திருந்த குற்றத்துக்காக, பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது.

இதை எழுதுகையில் ஒரு தளத்தைத் திறந்தேன். 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்ற பச்சைப் பொத்தானுக்குக் கீழே, 'விருப்பங்கள்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு சொல். பிடிவாதமாக அதையே தொட்டேன். கம்பெனிகளின் ஜாபிதா விரிந்தது. பெயர் பெயராக விலக்கிக்கொண்டே வந்தேன். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. பச்சையை அழுத்திவிட்டு எழுந்து ஓடினேன்.