சுக்கான் பிடித்த ஊரில் ஒரு கறுப்புத் திரை

வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் ஒன்று 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நங்கூரமிட்டது. இங்கே அதன் பெயர் ‘அன்னபூரணி அம்மாள்’. றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கியபின் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’. ஓட்டிப் போனவர்கள் இந்த ஊர்க் கடலோடிகள்.

இன்று பெரிய நிறுவனங்களின் வழங்கிகளைக் கட்டி மேய்க்கும் மென்பொருள் ஒன்றை 2014இல் கூகிள் வெளியிட்டது. பெயர் ‘குபெர்னெட்டிஸ்’. கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். சின்னமும் சுக்கான் சக்கரம்தான். வல்வெட்டித்துறைப் பிள்ளை ஒருவர் அந்தச் சக்கரத்தைப் பிடிக்க விரும்பினால், முதலில் பழக வேண்டியது கட்டளை வரி.

கறுப்புத் திரையில் படமும் இல்லை, பட்டனும் இல்லை. ‘பிடபிள்யூடி’ என்று அடித்தால் எந்தக் கோப்புறையில் நிற்கிறோம் என்று சொல்லும். ‘எல்எஸ்’ அங்கே கிடப்பதைக் காட்டும். ‘ஆர்எம்’ அழிக்கும்; அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். பெயர்கள் இப்படிக் குறுகியதற்குக் காரணம் உண்டு. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் பிறந்தபோது திரை கிடையாது. மெதுவாக அச்சடிக்கும் தொலைத்தட்டச்சுப் பொறிதான். எழுத்துக் குறைந்தால் வேலையும் குறையும். அந்தச் சிக்கனம் இன்றும் உதவுகிறது: தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் ‘எஸ்எஸ்எச்’ வழியே எழுத்துகள் மட்டுமே போய்வருவதால், இழுபடும் இணைப்பிலும் சிங்கப்பூரிலுள்ள வழங்கியை இங்கிருந்தே கவனிக்கலாம்.

ஓர் இரவு தளம் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘டிஎஃப்’ அடித்தால் வட்டு நூறு வீதம் நிரம்பியிருக்கிறது. ‘டியூ’ கொண்டு துழாவினால், ஊதிப்போன பதிவுக் கோப்பு ஒன்று அகப்படுகிறது. அவசரக்காரர் அதை உடனே அழிப்பார். கோப்பு மறையும், இடமோ திரும்பாது. எழுதிக்கொண்டிருக்கும் நிரல் அதை இன்னும் விடவில்லை. கயிற்றின் மறுமுனையை ஒருவர் இறுக்கிப் பிடித்திருப்பதுபோல. அது யார் என்று ‘எல்எஸ்ஓஎஃப்’ காட்டிக்கொடுக்கும். அந்த நிரலை நிறுத்தி மீண்டும் தொடக்கினால் வட்டு மூச்சு விடும்.

கட்டளைகளை மனனம் செய்வதல்ல இந்தக் கல்வி. மறந்தால் ‘மேன்’ என்பதுடன் கட்டளையின் பெயரையும் அடித்து விளக்கம் படிக்கலாம். செய்வதற்கு முன் கேட்கும் பழக்கமே பாடம். இந்தக் கட்டளைகள் ஓடும் லினக்ஸுக்குக் காசில்லை, மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினி போதும். ஒரு மாதம் ‘ஆர்எம்’ அடிக்குமுன் ஒவ்வொரு தடவையும் ‘பிடபிள்யூடி’ அடியுங்கள். காற்றுப் பார்க்காமல் பாய் விரித்த தண்டையல் இந்தக் கரையில் இல்லை.