கூடையிலே கபாலி! கூலி எங்கே?



இந்த வாரம் சம்பளப் பேச்சை ஒதுக்கிவிட்டுக் கூடைப் பேச்சுப் பேசலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அதுவும் சம்பளப் பேச்சாகவே வந்து நின்றது. என்ன செய்ய, பழக்கதோஷம்!

நம் லயங்களில் ஒயர் கூடை இல்லாத வீடு இருந்ததா? விடிவதற்குள் பெரட்டு, பிறகு மரம் வெட்டு, பால் எடுப்பு, நிறுவை. வீடு திரும்பி உலை வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சாயங்காலம் அஞ்சடியில் கால் நீட்டி உட்கார்ந்தால் எங்கள் அம்மா கையில் ஒயர்க் கட்டு வந்துவிடும். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு பேர். காலையில் தேத்தண்ணி போத்தலும் ரொட்டியும் அந்தக் கூடையில்தான் காட்டுக்குப் போகும். திருவிழாவுக்குத் துணிமணி கொண்டுபோவதும் அதில்தான்.

அம்மாவுக்கு எம்.ஜி.ஆர். என்றால் உயிர். 1987 டிசம்பர் 24ஆம் தேதி அவர் காலமானபோது எனக்கு எட்டு வயது. இரண்டு நாள் அம்மா யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பச்சை ஒயரும் வெள்ளை ஒயரும் வாங்கிவரச் சொன்னார். வெள்ளைக் கூடையில் பச்சை இரட்டை இலை, அதன் கீழே அவர் பேர்.

அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. அக்காதான் என்னுடைய கணக்கு நோட்டில் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பிக் கொடுத்தார். ஒரு கட்டத்துக்கு ஒரு முடிச்சு. நிரப்பிய கட்டம் வந்தால் பச்சை, வெறும் கட்டம் வந்தால் வெள்ளை. ஒரு முடிச்சுத் தவறினால் எழுத்துக் கோணிப்போகும்; வரிசை வரிசையாக அவிழ்க்க வேண்டும். அம்மா தன் வாழ்நாளில் எழுதிய முதல் எழுத்து அதுதான். பேனாவால் இல்லை ஐயா, ஒயரால்!

தொழிற்சங்கத்துக்கு வந்த புதிதில் இதையெல்லாம் நானே கேலி பேசியிருக்கிறேன். "நடிகன் பேரைப் பின்னினா சோறு வருமா?" என்று. அம்மா பதில் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அது சோற்றுக்குப் பின்னியது அல்ல, ஆசைக்குப் பின்னியது.

கப்பலில் வந்த ஆசை

இந்த ஆசை நமக்குக் கப்பலில் வந்தது. பினாங்குத் துறைமுகம் நம் பாட்டன் பூட்டன் வந்து இறங்கிய இடம். ஜெரஜாக் தீவில் தனியே வைத்துப் பார்த்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1926இல் கட்டிய 'ராஜுலா' கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்குமாக நெடுங்காலம் ஓடி, 1974இல் உடைக்கப்பட்டது. ஊருக்குப் போய் அதில் திரும்பியவர்கள் தகரப் பெட்டியில் ஊறுகாயோடு சினிமாப் பாட்டுப் புத்தகமும் கொண்டுவருவார்கள் என்று அப்பா சொல்வார்.

அதே துறைமுகத்தில் சுவெட்டன்ஹாம் துறைமேடைக்கு இன்று உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிய ஊர் அல்லவா? சுற்றுப்பயணிகள் இறங்கி நடந்தே லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிடுகிறார்கள். கையால் செய்த பொருள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள்.

என் அக்கா தோட்டத்தை விட்டு வந்து பட்டர்வொர்த் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். ரஜினிகாந்த் நம் மலேசியத் தமிழராக நடித்த 'கபாலி' 2016இல் வந்தபோது, மகனுக்காக அந்தப் பேர் போட்டு ஒரு கூடை பின்னினார். அது கண்ணில் பட்டு, போன வருடம் நகரத்துக் கடைக்காரர் ஒருவர் அதே மாதிரி இருபது கூடை கேட்டார். ஒன்றுக்கு 25 வெள்ளி. ஒயர் அக்காவுடையது.

"எத்தனை மணி நேரம் ஆகுது அக்கா?" என்றேன்.

"பன்னெண்டு மணி ஆகும் தம்பி. அதெல்லாம் யாரு பாக்கறா? டிவி பாத்துக்கிட்டே பின்றதுதானே!"

கணக்குப் போட்டேன். 25 வெள்ளியில் ஒயருக்கு 9 போனால் மிச்சம் 16. பன்னிரண்டு மணி நேரத்துக்கு வகுத்தால், மணிக்கு 1 வெள்ளி 33 காசு!

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தொடங்கியபோது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025இல் அது 1,700 ஆனது. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அந்தக் கணக்கில் ஒரு கூடையின் கூலி மட்டும் 104 வெள்ளி 64 காசு. இருபது கூடைக்கு 240 மணி நேரம். வாரம் 45 மணி நேர வேலை என்றால் ஐந்து வாரத்துக்கு மேல். அக்கா கையில் நின்றதோ 320 வெள்ளி!

வீட்டில் சொந்தமாகப் பின்னுகிறவருக்கு அந்தச் சட்டம் நேராகப் பொருந்தாது. அது எனக்கும் தெரியும். ஆனால் நம் உழைப்பை அளக்க அது ஒரு படி. "டிவி பாத்துக்கிட்டே" என்று நாமே சொன்னால், அடுத்தவன் ஏன் கூட்டிக் கொடுக்கப் போகிறான்?

"நூறு வெள்ளிக்கு யாருடா வாங்குவா?" என்று அக்கா சண்டைக்கு வந்தார். நியாயம்தான். ஆனால் அந்தக் கடையிலேயே கூடை 60 வெள்ளிக்குத் தொங்கியது. அதைப் பார்த்த பிறகு அக்கா பேசவில்லை.

அதே அடுக்குமாடியில் பின்னுகிற இன்னும் நாலு பெண்களைக் கூட்டி உட்கார்ந்தார். 45 வெள்ளிக்குக் கீழே யாரும் கொடுப்பதில்லை, ஒயருக்கு முன்பணம் வாங்காமல் கை வைப்பதில்லை என்று பேசி முடித்தார்கள். கடைக்காரர் முறைத்தார். ஒரு மாதம் கழித்து வந்து பத்துக் கூடை எடுத்தார், 40 வெள்ளிக்கு, முன்பணமும் கொடுத்தார். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். மணிக்கு இரண்டரை வெள்ளி வெற்றியா? ஆனால் ஒருவர் மறுத்த விலைக்கு இன்னொருவர் போகவில்லை. அதுதான் பெரிது.

சகோதரிகளே, பிள்ளைக்கும் பேரனுக்கும் பின்னும்போது கணக்குப் பார்க்காதீர்கள். பாசத்துக்கு ஏது விலை? கடைக்குப் பின்னும்போது கணக்குப் பார்க்காமல் இருக்காதீர்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம், ஒயர் என்ன விலை என்று குறித்து வையுங்கள்.

அம்மாவின் இரட்டை இலைக் கூடை இன்றும் என்னிடம் இருக்கிறது. கைப்பிடி இரண்டு முறை மாற்றியாயிற்று. சங்கத்துக் காகிதங்களை அதில்தான் கொண்டுபோகிறேன். அக்காவிடம் ஒரு புதுக் கணக்கு நோட்டு இருக்கிறது. ஒரு பக்கம் முடிச்சுக் கணக்கு, மறு பக்கம் மணிக் கணக்கு.